புரியாதவன் போல் இருந்த மாதங்கள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயில் பிளவோடு பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்குக் கூச்சம்.

நித்யாவை நாங்கள் தத்தெடுத்தபோது உதட்டைத் தைத்திருந்தார்கள். அண்ணப்பிளவு (மேல்வாய் மூடாமல் மூக்கு வரை திறந்திருப்பது) அப்படியே இருந்தது. பால் குடித்தால் மூக்கில் வரும். நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனில் கொடுப்போம்.

பருத்திப்பட்டில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா ஒருவர் என் மனைவி செல்வியிடம் கேட்டார்.

"கிரகணத்துல இன்னாத்தடி நறுக்கின? கொயந்த வாய் இப்டி கீது."

வயிற்றில் பிள்ளை இருப்பவள் கிரகண நேரத்தில் கத்தி எடுத்தால் இப்படி ஆகும் என்பார்கள். அது உண்மையில்லை, யார் மேலும் தப்பில்லை என்று மருத்துவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"வெங்காயம்க்கா," என்றாள் செல்வி.

உள்ளே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன்.

"பெத்தவளாண்டதான இத்தக் கேப்பாங்க? என்னாண்ட கேட்டாங்கல்ல."

சில மாதங்களில் மேல்வாயில் அறுவை சிகிச்சை செய்தார்கள். தையலில் விரல் வைக்காதபடி முழங்கைகளில் அட்டை கட்டினார்கள். மடங்காத இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லி என்னிடம் வருவாள்.

"ஓட்டைய மூடிட்டோம். பேச்சு தானா வராது, பழக்கணும்," என்றார் மருத்துவர்.

அவள் பேசினாள். ஆனால் காற்று மூக்கு வழியாகப் போனதால் ப, க, ட எல்லாம் கரைந்துபோயின. தெருவில் யாருக்கும் புரியாது. எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. "இன்னா சொல்லுது?" என்று யார் கேட்டாலும் நானே சொல்லிவிடுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு அதில் ஒரு பெருமை.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா அதைக் கவனித்தார்.

"நீங்க ஏன் சார் அவளுக்குப் பதிலா பேசறீங்க?"

"எனக்குப் புரியுதும்மா."

"அதான் பிரச்சனை. இங்க சரியா சொல்ற வார்த்தைய வீட்ல மூக்கால சொன்னா, புரியாத மாதிரி இருங்க. இன்னும் கத்துக்காத வார்த்தைக்கு வேணாம்."

உதட்டின் முன் காகிதத் துண்டைப் பிடித்து 'பழம்' என்று சொல்ல வேண்டும். வாய்க்காற்றில் காகிதம் ஆட வேண்டும். பயிற்சியில் ஆடியது. வீட்டில் அவள் பழைய மாதிரியே கேட்டாள். நான் விழித்துக்கொண்டு நின்றேன். திரும்பக் கேட்டாள். பிறகு அழுதாள்.

"கொயந்த பழம் கேக்குது, மரம் மாறி நிக்கிற. நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?" என்றாள் செல்வி.

அதற்குப் பிறகு நித்யா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் செல்வியிடம் போனாள். ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட குழந்தை. இவனும் நம்மை விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொள்வாளோ என்று பயந்தேன். பயிற்சியை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நிறுத்தவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் உதட்டுக்கு முன்னால் காகிதத்தைப் பிடித்து நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அவள் காகிதத்தைப் பிடுங்கித் தன் உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் பக்கத்து வீட்டுக் காவ்யா அழுதுகொண்டே வந்தாள்.

"மாமா, உங்க நித்யா என்னிய பேக்குன்னு சொல்றா."

"அப்டி சொன்னான்னு உனுக்கு யார் சொன்னா?"

"அவதான். என் காதுலயே உயுந்துச்சி."

பின்னால் நின்ற நித்யா, "ஆமா, பேக்கு," என்றாள்.

அப்படிச் சொல்லக் கூடாது என்று கண்டித்தேன். உள்ளேயிருந்து செல்வி, "இன்னொரு தபா சொல்லச் சொல்லுய்யா," என்றாள்.

களைத்துப்போனால் நித்யாவுக்கு இன்னும் மூக்கில்தான் பேச்சு வருகிறது. வளர்ந்தபின் ஈறில் ஓர் அறுவை சிகிச்சை பாக்கி இருக்கிறது. எனக்கும் ஒன்று மாறியிருக்கிறது. 'ப' சொல்லும்போது என் உதடுகள் ஒட்டிப் பிரிவது எனக்குத் தெரிகிறது. இத்தனை வயது வரை தெரிந்ததில்லை. அவள் பேச ஆரம்பித்தால் முடிவு எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறேன். அந்த நேரம் அவளுடையது.

எழுதியது: சித்திரை மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.