கண் திறக்காத குதிரை

பேர்தான் உக்கிரபாண்டி. தெருநாய் குரைத்தால் பெண்டாட்டிக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிளுக்குப் படம் வரைந்து பிழைத்தான். புலி வரைந்தால், படுக்கப் போகுமுன் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தங்கச்சாமி அவனிடம் ஒரு தாளைக் கொடுத்தார். மதுரையில் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ வெள்ளைக்காரன் மையால் வரைந்த குதிரை. மேலே ஆள் இல்லை, சேணமும் இல்லை. மின்னலுக்கு மிரண்டு முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது.

"இதப் பாத்து அப்படியே போட்டுக் குடு. வெள்ளிக்கெழம அச்சுக்குப் போகணும்."

அப்போது அவன் மனைவி ஆவுடைத்தாய்க்கு ஏழு மாதம். முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன.

எங்கள் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை செய்தால் கண்ணை மட்டும் விட்டுவைப்பார்கள். கோவிலில் சேவல் அறுத்த பிறகுதான் கண் திறப்பு. அதன் பிறகு சாமி ஏறிக்கொள்ளும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உக்கிரபாண்டி இதைக் காகிதக் குதிரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். ஏறுவதற்குச் சாமி இல்லாத குதிரைக்குக் கண் திறந்தால், அது யாரை ஏற்றிக்கொண்டு போகத் தேடி வரும்? வயிற்றுப் பிள்ளையைத்தானே? பிடரி மயிர்வரை வரைந்து முடித்தான். கண் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாகவே கிடந்தது. சிரிக்காதீர்கள், இரண்டைப் பறிகொடுத்த வீடு அது.

வியாழக்கிழமை முதலாளி வந்து பார்த்தார். "ஏலே, குருட்டுக் குதிரையவா பெட்டியில ஒட்டச் சொல்லுத? காலைல வருவேன், முடிச்சு வையி."

அவர் போனதும் உக்கிரபாண்டி சேவல் வாங்க ஓடினான். திரும்பி வந்தபோது ஆவுடைத்தாய் பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். தாளிலிருந்து குதிரை அவனை முழித்துப் பார்த்தது.

"ஏட்டி, பாவி! என்ன செஞ்ச?" கையிலிருந்த சேவல் நழுவித் தெருவுக்கு ஓடியது.

"கண்ணத் தெறந்து விட்டேன்."

"பிள்ளைய நெனச்சுப் பாத்தியா?"

"நீங்க அது மூஞ்சியப் பாத்தீங்களா? அது யாரையும் தூக்க வரல. அதுவே பயந்து செத்துக்கிட்டு நிக்குது. கண்ணும் தெரியலன்னா என்ன செய்யும்?" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயம் பூராவும் நீங்களே எடுத்துக்கிட்டா, நான் யாருகிட்டச் சொல்லுவேன்?"

இந்த ஏழு மாதத்தில் அவள் வயிற்றை அவன் தொட்டதே இல்லை. தொட்டால் என்ன ஆகுமோ என்று பயம். அவளே அவன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. வெடுக்கென்று கையை இழுத்தான்.

அவள் விடவில்லை.