கடைக்கு அண்ணன்தான் முதலாளி

நாமக்கல்லில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்பவனுக்கு இரண்டு பதில்கள் தெரிந்தால் போதும்: "இருக்குங்க", "சாயங்காலம் வந்துருமுங்க". இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்து, வயது அறுபதையும் தாண்டிவிட்டது. வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் காலம் தள்ளும் என் சக பாவிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பதவி உயர்வு

சேர்ந்த புதிதில், வேலைக்கு எடுத்ததாக ஓர் ஆர்டர் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்ததுண்டு. அதற்குள் முதலாளி கடைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பதும் நான்தான். இதற்குப் பிறகு ஆர்டர் கேட்பானா மனிதன்?

முதலாளி என்னைவிடச் சின்னவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். யாராவது விலையைக் குறைக்கச் சொன்னால் கல்லாவில் உட்கார்ந்தபடியே என்னைக் கை காட்டுவார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். அன்று எத்தனை பெட்டி தூக்கினாலும் கனமே தெரியாது. அவர் சொல்வது இதுதான்: "எங்கிட்ட என்னத்துக்குங்க கேக்கறீங்க? இந்தக் கடைக்கு அண்ணந்தான் மொதலாளி."

சாத்துக்குடி

போன வருஷம் டைஃபாய்டு வந்து படுத்துவிட்டேன். முதலாளி ஒரு பை சாத்துக்குடியோடு வீடு தேடி வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் உருகிப் போனேன். மாசம் பிறந்ததும் பார்த்தால், படுத்திருந்த நாட்களுக்கெல்லாம் சம்பளம் பிடித்திருந்தார். வாடகைக்கும் மருந்துக் கடை பாக்கிக்கும் அதைத்தான் நம்பியிருந்தோம்.

மென்று விழுங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "ஏனுங்கண்ணா, லீவு, சம்பளமுன்னு பேசறதுக்கு நீங்க என்ன வேலைக்காரருங்களா? நம்ம ஊட்டு ஆளு!" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார். அதே பூரிப்போடு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் உலையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "ஊட்டு ஆளுன்னா சொத்துல பங்கு கேட்டுட்டு வாரதுதானே?"

சாட்சி

அவள் நச்சரிப்பு தாங்காமல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாக விளக்கினார். கடையில் வேலை பார்ப்பவருக்கு உடம்புக்கு முடியாத போது சில நாட்கள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, வயதானாலும் உண்டு, ஆர்டர் இல்லை என்பதற்காக அது போய்விடாது. நான் அங்கே சம்பளத்துக்கு இருப்பதைச் சொல்ல ஓர் ஆள் மட்டும் வேண்டும்.

பரமத்தி வேலூர் சின்னராசுவைக் கூட்டிப் போனேன். லாரி ஓட்டுபவர், எங்கள் பழைய வாடிக்கை. சம்பளத் தகராறு என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், "என்னைத் தெரியுமுன்னு சொன்னாப் போதும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். என் கௌரவத்தை ஒரு படி தூக்கிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி கேட்டதும் குரலை உயர்த்தினார்: "தெரியாதுங்களா மேடம்? கடைக்கே மொதலாளிங்க! இவருக்குக் கீழ எத்தன பேரு வேலை பாக்கறாங்க!"

விசாரணை

அடுத்த தடவை முதலாளியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி அவரிடம், "சாட்சி இவரைத்தான் முதலாளி என்கிறார். கடை உங்கள் இரண்டு பேருக்கும் கூட்டா?" என்று கேட்டார்.

முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யாருங்க கூட்டு? கடை என்னோடதுங்க! இவரு எங்கிட்ட மாசச் சம்பளத்துக்கு நிக்கற ஆளு. தெறன்னா தெறக்கோணும், சாத்துன்னா சாத்தோணும்!"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பூசணிக்காய் அத்தனையும் கண்முன்னால் வந்து போனது, கண்ணும் கலங்கிவிட்டது. அதிகாரியோ தலை நிமிராமல் எழுதி முடித்து, தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "இது போதுங்க. கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

இத்தனை வருஷம் முதலாளியாக இருந்தும் கிடைக்காத சம்பளம், ஒரே ஒரு நிமிஷம் வேலைக்காரன் ஆனதும் கைக்கு வந்து சேர்ந்தது.