அப்பா சபை மூப்பரான நாள்

கொரியாவிலிருந்து பாஸ்டர் இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் ஓப்பநாயக்க போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் என்று அந்த மனுஷனிடம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டிலோ அப்பா முருகன் கோயில் தலைவர்.

எல்லாம் கோழிக்கறியால் வந்த வினை. கொரியாவில் பிளாஸ்டிக் பேக்டரியில் வேலை செய்தபோது, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சபை ஞாயிறு மதியம் சோறு போட்டது. முதல் நாள் வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். அதில் மதம் என்று ஒரு கட்டம். உள்ளேயிருந்து கறி வாசம் வந்தது. கிறிஸ்தவன் என்று எழுதிவிட்டேன். நேபாளத்துக்காரன், கம்போடியாக்காரன் எல்லாம் அவனவன் மதத்தை எழுதிவிட்டு அதே கறியைத்தான் சாப்பிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நான் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. ஞானஸ்நானமா? சின்னதிலேயே ஆச்சு. அப்பாவா? அவர் சபை மூப்பர். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

அப்புறம் என் இரண்டு விரல்கள் மெஷினில் மாட்டின. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கஞ்சி ஊட்டியவர் அந்தப் பாஸ்டர்தான். முதலாளியோடு சண்டை போட்டவரும் அவர்தான். அவர் முகம் என்னால் வாடக்கூடாது. எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“அட பாவி! சோத்துக்காகவா சாமிய மாத்துன?”

“மாத்தலம்மா. சும்மா சொன்னேன்.”

“அது இன்னும் மோசம்டா!”

திட்டிக்கொண்டே பிள்ளையாரையும் முருகனையும் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். “ஒரு மணி நேரந்தான் சாமி, பொறுத்துக்கங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் டவுன் கடைக்கு ஓடினேன்.

“பாய், ஏசு படம் போட்ட கலண்டர் இருக்குங்களா?”

“போன வருஷத்துதுதான் இருக்கு தம்பி. பரவாயில்லையா?”

ஏசுவுக்கு வருஷம் ஏது? வாங்கிவந்து மாட்டினேன்.

அப்பா நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டு வந்தார். “மூப்பர்னா என்னடா செய்யணும்?”

“ஒன்னுமே செய்ய வேணாம்ப்பா. பேசாம உக்காந்திருங்க, போதும்.”

“அது எனக்கு நல்லா வரும்.”

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. பாஸ்டருக்குக் கொரிய மொழி, வீட்டுக்குத் தமிழ், நடுவில் நான். யார் எதை உளறினாலும் நான் மாற்றிச் சொல்லிச் சமாளித்துவிடலாம்.

பாஸ்டர் த்ரீவீலரிலிருந்து இறங்கினார். அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, “கொஹொமத அம்மே?” என்று நலம் விசாரித்தார். சுத்தமான சிங்களம்! நான் ஊர் திரும்பிய பிறகு சபைக்கு வந்த சிங்களப் பையன்களிடம் கற்றுக்கொண்டாராம். அம்மாவோ பெல்மதுளைச் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசியே வளர்ந்தவள். ஐந்தே நிமிடத்தில் இருவரும் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன்.

“ஐயா எத்தனை வருஷமா மூப்பர்?” என்று அப்பாவைச் சிங்களத்தில் கேட்டார் பாஸ்டர். அப்பா என்னைப் பார்த்தார். நான் கலண்டரைப் பார்த்தேன். “நம்ம கோயில்ல முப்பது வருஷமா நான்தான் தலைவர்” என்றார் அப்பா, அதே சிங்களத்தில். பொய்யில்லை. தப்பித்தோம் என்று மூச்சுவிட்டேன்.

சந்தோஷத்தில் பாஸ்டர் எழுந்து நின்று ஜெபம் செய்தார். உருக்கமான, நீளமான ஜெபம். கொரிய மொழியில் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அப்பாவும் கண்ணை மூடி உருகினார். ஜெபம் முடிந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தொண்டை கிழிய, “அரோகரா!” என்றார்.

கதவோரம் வேடிக்கை பார்த்த, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சனம் மொத்தமும், பழக்க தோஷம், “அரோகரா!” என்று திருப்பிக் கத்தியது.

ஐயோ, அந்த நிமிடம்! பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “மாத்தயா, இவன் உங்ககிட்ட பொய் சொல்லிட்டான். நாங்க முருகனக் கும்பிடுற ஆளுங்க” என்று சிங்களத்தில் போட்டு உடைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்து அவிழ்த்தும் காட்டினாள்.

பாஸ்டர் முகம் வாடித்தான் போனது. என்னைப் பார்க்காமல் கொரிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: “எங்கள் சபைக் கிழவிகள் ஒவ்வொரு புதன்கிழமையும் உன் அப்பாவின் ஊழியத்துக்காக ஜெபிக்கிறார்கள். இனி அவர்களிடம் நான் என்ன சொல்வேன்?”



“என்னடா சொல்றாரு?” என்றாள் அம்மா.

ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா என்னை ஒதுக்கிவிட்டு அவரிடமே சிங்களத்தில் பேசினாள்.

“ஜெபத்த நிறுத்திட வேணாம்னு சொல்லுங்க மாத்தயா. ஊழியத்த விட்டுட்டு இவரு முட்டிவலிக்குக் கேக்கச் சொல்லுங்க. முருகன்கிட்ட கேட்டுக் கேட்டு எனக்கு வாயே வலிக்குது.”

பாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, “எந்தக் கால்?” என்று கேட்டார்.