மலைவிடுதியில் எழுதாத பெயர்

ஆகஸ்ட் கடைசியில், சூரிச்சில் என்னோடு சமையலறையில் வேலை செய்யும் அண்ணையுடன் மலை ஏரிகளைச் சுற்றி மூன்று நாள் நடக்கப் போனேன். முதல் நாள் தங்கிய மலைவிடுதியில், அடுத்துப் போகும் பாதையைப் பெயரோடு எழுதிவைக்க ஒரு கொப்பி இருந்தது. என்னை எழுதச் சொல்லிவிட்டு அண்ணை வெளியே போனார். அகதியாக வந்த நாளிலிருந்து எங்கும் பெயர் கொடுக்க எனக்குப் பயம். எழுதாமலே வந்துவிட்டேன்.

மறுநாள் இரண்டாவது ஏரியை மூடுபனி மறைத்தது. அண்ணை வழுக்கி விழுந்து கால் முறிந்தது. போனில் சிக்னல் இல்லை.

"தம்பி, பேர் எழுதினனிதானே? அப்ப பயமில்லை, தேடி வருவினம்."

"ஓம் அண்ணை," என்றேன். பனிக்குள் எங்கோ கற்கள் உருண்டுகொண்டே இருந்தன.

மாலையில், தவறிய ஆட்டைத் தேடி வந்த ஒருவர் தற்செயலாக எங்களைக் கண்டார். ஆட்டைப் பற்றி அவர் சொன்னது, வலியில் மயங்கிக் கிடந்த அண்ணைக்குக் கேட்கவில்லை.

"இவன் எழுதினபடியால்தான் நான் இருக்கிறன்," என்று அண்ணை இன்றும் எல்லோருக்கும் சொல்கிறார். நான் தலைகுனிகிறேன். கூச்சம் என்று நினைக்கிறார்கள்.