கிளை நூலகத்தின் வீடியோ கேம்

காலை பத்தேகாலுக்கு, ஒரகடம் பக்கத்துக் கிளை நூலகத்தில் நான் முதலில் பார்த்தது, கண்ணாடி அலமாரியில் கலைக்களஞ்சியங்களுக்கு நடுவே பூட்டியிருந்த வீடியோ கேம் ஸ்டியரிங். இளைஞர்களை ஈர்க்க மேலிடம் ஒரு டிவியோடு அனுப்பியதாம். அதிலும் நூல் எண் ஒட்டியிருந்தது. ஒல்லியான நூலகர் மணிக்கொரு முறை அலமாரியைத் திறந்து அதைத் துடைத்துப் பூட்டினார். பராமரிப்பில் குறை சொல்ல முடியாது.

நைட் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்த இளம் கார் ஆலைத் தொழிலாளி கேட்டார்: "லைன்ல தினமும் ஸ்டியரிங் மாட்டுதேன் சார். ஒருநாளாவது ஓட்டிப் பாக்கணும்லா?"

"இது ரெஃபரன்ஸ்பா. கண்ணால பாத்துட்டுப் போ."

"மூணாவது வாட்டி வாரேன் சார்."

மறுநாள் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். யாருமே பயன்படுத்தவில்லை என்றால் கருவி வேறு கிளைக்குப் போய்விடும். நூலகர் யோசித்தார். பிறகு ஸ்டியரிங்கை எடுத்து இரு கைகளாலும் கொடுத்தார். 

"பிளக் எங்க சார்?"

"பிளக் பாயின்டே இல்லபா. மேல எழுதிப் போட்டுக்கீறேன்."

இளைஞர் இருண்ட டிவி முன் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் திருப்பினார். நூலகர் பதிவேட்டில் எழுதினார்: 'பயன்படுத்தியவர் ஒருவர்.'