தடுப்பை எடுத்தவர்

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் மீனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விரல் நீளம்கூட வராத வரிக்குதிரை மீன்கள், அடுக்கடுக்கான தொட்டிகளில் ஆயிரக்கணக்கில். தண்ணீரின் சூடு பார்ப்பது, தீனி போடுவது, ஜோடி சேர்ப்பது எல்லாம் அவள் தலையில். ஊர்ப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவளைப் போல அலுத்துக்கொள்வாள். வேறு யாராவது தொட்டால் பொறுக்க மாட்டாள்.

ஜோடி சேர்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. சாயங்காலம் சின்னத் தொட்டியில் ஆணை ஒரு பக்கம், பெண்ணை ஒரு பக்கம் விட்டு, நடுவே கண்ணாடித் தடுப்பு வைப்பாள். காலையில் ஆராய்ச்சி மாணவி வந்த பிறகுதான் அதை எடுப்பாள். உடனே முட்டையிடும். அந்தப் புது முட்டையில்தான் மாணவி ஊசியால் மருந்து ஏற்ற முடியும். கொஞ்சம் தாமதித்தாலும் வீண்.

அவள் கணவன் அதே கட்டடத்துக்கு இரவுக் காவலாளி. கல்யாணமான நாளிலிருந்து அவள் உள்ளே வர, அவன் வெளியே போக, வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுவதுதான் அவர்களுடைய குடித்தனம்.

அன்று காலை உள்ளே போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடுப்புகளெல்லாம் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விடிகாலையில் அறை விளக்கு தானாக எரிந்ததுமே மீன்கள் முட்டையிட்டு முடித்திருந்தன. அறைச் சாவி அவளையும் அவனையும் தவிர யாரிடமும் கிடையாது. வாசலுக்கு ஓடினாள்.

"என்னங்க, தடுப்பை எடுத்தீங்களா?"

அவன் அசடு வழிந்தான். "ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் நின்னு மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. மனசு கேக்கல. நம்ம பொழப்புதான் இப்படின்னா, அதுங்களுக்குமா?"

திட்டத்தான் வாயெடுத்தாள்; அதற்குள் அவன்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. ஆனால் விஷயம் தெரிந்தால் அவன் வேலை போய்விடும்.

"நீங்க வாயத் திறக்காதீங்க. நான் வைக்க மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

உள்ளே மாணவி முகம் தொங்கிப்போய் நின்றாள். கூடத்தின் பொறுப்பாளரிடம் மீனக்கா பொய்யைத் தொடங்குவதற்குள், பின்னாலேயே வந்த அந்த மகராசன் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான்.

பொறுப்பாளருக்குக் கோபம் தலைக்கேறியது. காவல் பிரிவுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுத் திரும்பினார்.

"ராத்திரி வேலைக்கு நீங்க லாயக்கில்ல. நாளையிலேருந்து பகல் பூரா மெயின் கேட்டுல வெயில்ல நில்லுங்க. அப்பத்தான் புத்தி வரும்."

பகல் வேலை! மீனக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. அதைக் கண்டு பொறுப்பாளர் இளகிவிட்டார்.

"சரி, அழாதீங்கம்மா. ஒரு மாசம் போகட்டும், மறுபடியும் ராத்திரிக்கே மாத்தச் சொல்றேன்."

"ஐயையோ, வேணாம் சார்!" என்றார்கள் இருவரும்.