பப்பாளி தின்ற கோழிகள்

ஆம்பூர் தோல் பதனிடும் ஷெட்டில் கணக்கெழுதிய காலத்தில், தினமும் காலை ஜெபத்துக்கு முன்னால் வீட்டில் வளர்த்த கோழிகளின் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தவன் நான். தின்ற சோளம் செரிக்காமல் அப்படியே வந்தது, முட்டைதான் வரவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள முட்டை வரலைன்னா பிரியாணிதான்" என்ற என் மனைவி, பக்கத்து வீட்டுப் பிரியாணி மாஸ்டரிடமும் சொல்லிவைத்துவிட்டாள்.

முற்றிய கறி வேக அவர் பப்பாளிக்காய் போடுவார். அதிலுள்ள நொதி கறியையே கரைக்கும்போது தீனியைக் கரைக்காதா? துருவித் தவிட்டில் கலந்துவைத்தேன். எச்சத்தில் சோளம் குறைந்தது. மாதம் முடியுமுன் கூண்டில் முட்டைகள்! இரு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவையே சுற்றி வந்தேன்.

பப்பாளி விஷயத்தைக் கேட்ட மாஸ்டர் கோழிகளை ஏக்கமாகப் பார்த்தார். "இவ்ளோ பப்பாளி தின்னுச்சா? அப்ப சீக்கிரமே வெந்துடும் சார்."